எந்தப் பேரில் தேடுவது

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு மாலை கையில் பிளாஸ்டிக் உறையோடு வந்து நின்றார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்றவர். இப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்போம். தெருவில் வழி சொல்லும்போதுகூட ‘சொல்தா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி’ என்றுதான் சொல்வோம். பெரியவர் தேடி வந்தது அப்பாவை அல்ல, தாத்தாவின் தம்பியை. முதல் உலகப் போருக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் கிடையாது. இறந்த நாள் தெரியாததால் தனியாகத் திதியும் கிடையாது. மகாளய அமாவாசையன்று மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு சரி.

“இன்டர்நெட்ல பிரெஞ்சுக்காரன் எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கானாமே தம்பி. நம்ம ஏழுமலைத் தாத்தா இருக்காரான்னு கொஞ்சம் பாரேன்.”

இருந்தார். ஆனால் அவரைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தமிழ்நாட்டில் வழக்கமாக எழுதுவதுபோல் ‘எல்’ போட்டுத் தேடினேன், இல்லை. ‘இசட், எச்’ போட்டேன், இல்லை. ழகரத்துக்குப் பிரெஞ்சு எழுத்தர் ‘ஜே’ போட்டிருப்பார் என்பது பெரியவருக்குத்தான் நினைவுக்கு வந்தது. தன் அப்பாவின் பென்ஷன் தாளை உறையிலிருந்து உருவி, “இந்த மாதிரி எழுதிப் பாரு” என்றார். அதன்பிறகும் கடைசி ‘லை’யை மூன்று விதமாக மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழாவது முயற்சியில் திரையில் வந்தது ஒரு சீட்டு. மங்கிய மை, பெயர், படைப்பிரிவு, பிறந்த ஊர், இறந்த நாள், இறந்த இடம். இறந்த விதம் என்ற இடத்தில் ‘பணியின்போது பற்றிய நோய்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: “அன்னைக்கு என்ன திதி?”

அந்தக் கேள்விக்குப் பின்னால் திரும்பி வருகிறேன். முதலில் அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1914–1918 போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பப்பட்டு 1938இல் திறக்கப்பட்டது. தூண்களுக்கு நடுவே தலை தாழ்த்திய சிப்பாய். ஜூலை 14 அன்று விளக்கலங்காரம், நவம்பர் 11 அன்று மலர்வளையம். மற்ற நாள்களில் வேலிக்கு வெளியே நின்று செல்ஃபி எடுப்பவர்கள்தாம் அதிகம். கல்லில் இடம் குறைவு. ஒரு மனிதனுக்கு ஒரு வரி, அதில் ஒரு பெயர்; அதற்குமேல் கல் எதையும் சொல்லாது.

மீதியைச் சொல்வது காகிதம். 1915 ஜூலை 2ஆம் தேதிச் சட்டத்தின்படி, போரில் இறந்தவரின் பதிவில் ‘பிரான்சுக்காக உயிர்நீத்தவர்’ என்று குறிக்கும் வழக்கம் வந்தது. அப்படிக் குறிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்தார்கள்; மொத்தம் 13 லட்சத்துக்கு மேல். 2003இல் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் இவற்றைப் படம்பிடித்து ‘மெமுவார் தெ ஸோம்’, அதாவது ‘மனிதர்களின் நினைவு’ என்ற தளத்தில் ஏற்றியது. படம் ஏறியதே தவிர, சீட்டில் இருந்த எல்லா விவரங்களும் தேடக்கூடிய எழுத்தாகவில்லை. ஒருவர் எந்த ஊரில் இறந்தார், எப்படி இறந்தார் என்பதெல்லாம் கையெழுத்தாகவே படத்துக்குள் கிடந்தன.

அந்தப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது, வம்சாவளி தேடுவோரும் கணினி ஆர்வலர்களும் சேர்ந்து ஒரு சவாலைக் கையில் எடுத்தார்கள். ‘ஒரு நாள், ஒரு சிப்பாய்’ என்பது அதன் பெயர். ஒவ்வொருவரும் தினம் ஒரு சீட்டையாவது படித்துத் தட்டச்சு செய்து தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். ட்விட்டரில் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொண்டார்கள். படிக்க முடியாத கையெழுத்தைப் பலர் கூடிப் படித்தார்கள். சம்பளம் கிடையாது. 2018 நவம்பரில், போர் முடிந்த நூறாவது ஆண்டு நாளுக்குள், எல்லாச் சீட்டுகளையும் முடித்தார்கள். ஒரு விளையாட்டின் உற்சாகத்தோடு செய்யப்பட்ட இறுதிக்கடன் என்றுதான் எனக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. எங்கோ பிரான்சின் ஒரு சிற்றூரில், தமிழ் ஒரு எழுத்தும் அறியாத யாரோ ஒருவர், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து எங்கள் தெரு ஏழுமலையை எழுத்து எழுத்தாகத் தட்டியிருக்கிறார்.

தட்டியவர் சீட்டில் உள்ளதைத்தான் தட்டுவார். சீட்டை எழுதியவரோ காதில் விழுந்ததை எழுதியவர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

புதுச்சேரிப் பெயர்களுக்குத் தனி எழுத்துக்கூட்டல் உண்டு. அதற்குத் தனித் தர்க்கமும் உண்டு. பிரெஞ்சில் ‘யு’ என்ற ஒற்றை எழுத்து நம் உகரத்தைத் தராது. ‘ஓ, யு’ என்று இரண்டு எழுத்து வேண்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் ‘இசட்’ ஒலி வந்துவிடும் என்பதால் ராமசாமிக்கு இரட்டை ‘எஸ்’. சொல்லின் கடைசி ‘என்’ மூக்கொலியாகக் கரைந்துவிடும் என்பதால் முருகனுக்குப் பின்னால் ஒலியில்லாத ஓர் ‘ஈ’. ஆக, சென்னையில் ஏழு எழுத்தாக இருக்கும் முருகன் புதுச்சேரியில் பத்து எழுத்து. பிள்ளை ‘பூலே’ போலத் தோன்றுவார். ழகரத்துக்கு ஆங்கிலேயர் ‘எல்’லையோ ‘இசட் எச்’சையோ தேட, பிரெஞ்சு எழுத்தர் தன் மொழியின் ‘ஜே’ ஒலி இதற்கு அருகில் இருப்பதைக் கண்டார். காது கூர்மையான மனிதர்.

இப்படி ஒலி ஒன்று, எழுத்து பல என்று ஆகும்போது கணினி என்ன செய்யும்? மிகப் பழைய வழி ‘சவுண்டெக்ஸ்’. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது; கணினிக்கும் முந்தியது. பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்களுக்கு ஒரே எண் தரும். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். சென்னை முருகனுக்கும் புதுச்சேரி முருகனுக்கும் ‘எம் 625’ என்ற ஒரே குறியீடு. பிள்ளைக்கும் பூலேவுக்கும் ‘பி 400’. ஏழுமலையிடம் வந்ததும் பிரிந்துவிடுகிறது: ‘எல்’ போட்டு எழுதினால் ‘ஈ 454’, ‘ஜே’ போட்டால் ‘ஈ 254’. ஆனால் ‘இசட் எச்’ போட்டு எழுதும் ஏழுமலைக்கும் ‘ஈ 254’ வருகிறது. ஆங்கிலப் பெயர்களை மனத்தில் வைத்து வகுத்த முறை, ‘இசட்’டையும் ‘ஜே’வையும் ஒரே கூட்டில் வைத்ததால், தன்னையறியாமல் ழகரத்தைக் காப்பாற்றியிருக்கிறது. ‘எல்’ போட்டு எழுதிய இடத்தில்தான் ஏழுமலை தொலைகிறார்.

இன்னொரு வழி, 1965இல் ரஷ்யக் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வகுத்தது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணுவது. முருகனுக்கு 3. மூன்று திருத்தத்தை ஏற்கும் தேடுபொறி முருகனைக் கண்டுபிடிக்கும்; கூடவே சம்பந்தமில்லாத நூறு பேரையும் கொண்டுவந்து கொட்டும். புதுச்சேரி எழுத்துக்கூட்டலுக்கென்றே விதி எழுதுவது நம்மில் யாராவது உட்கார்ந்தால் சில வாரங்களில் முடியக்கூடிய வேலை.

எழுத்தைவிடப் பெரிய முடிச்சு ஒன்றும் இருக்கிறது: பெயரே மாறிவிடுவது. 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் செருப்பணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பிரான்சின் உச்ச நீதிமன்றம்வரை போராடினார். 1881 செப்டம்பர் 21 ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வர வழி செய்தது. அப்படி வந்தவர்கள் ‘ரெனோன்சான்கள்’, அதாவது துறந்தவர்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்டது ‘லாப்போர்த்’. கதவு என்று பொருள். துறந்தவர் வீட்டில் தாத்தா ஒரு பெயரில் பிறந்து இன்னொரு பெயரில் இறப்பார். துறக்காத தம்பி பழைய பெயரிலேயே இருப்பார். வம்சாவளி மென்பொருளில் இதை ஏற்ற முயன்றால், ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டி நம்மை நிறுத்திவிடும். அப்பா பெயரின் தலையெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு அந்தப் பெட்டியில் இடமே இல்லை.

இந்த முடிச்சு ஊர் எல்லையோடு நிற்பதில்லை. 1854இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ‘ஒரேலி’ கப்பல் அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் குவாதலூப் தீவை அடைந்தது. அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய முதல் இந்தியர்கள் அதில் வந்தவர்களே. அடுத்த பல பத்தாண்டுகள் புதுச்சேரியும் காரைக்காலும் மார்த்தினிக்குக்கும் ரெயூனியனுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தன. அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று தமிழ் பேச மாட்டார்கள். ஆனால் பெயரில் ‘ஓ, யு’வும் இரட்டை ‘எஸ்’ஸும் அப்படியே நிற்கின்றன. பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகம் பிரெஞ்சிந்தியப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே அவர்களும் நாமும் ஒரே பக்கத்தைப் புரட்டுகிறோம். நம் பக்கத்தில் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் குடியுரிமைச் சான்றிதழ்தான் நோக்கம். அதில் தவறு ஒன்றுமில்லை. தாத்தாவின் இறப்புப் பதிவு பேரனின் பாஸ்போர்ட்டாக மாறும் ஊர் இது.

இனி, திதி.

சீட்டில் ஆங்கிலத் தேதி இருக்கிறது. அதிலிருந்து நூறாண்டுக்கு முந்தைய திதியைக் கணக்கிடப் பழைய பஞ்சாங்கம் வேண்டும், அல்லது மென்பொருள். இலவசமாகக் கிடைக்கும் ‘ஜகந்நாத ஹோரா’வைத் திறந்தேன். சோதிடம் பார்ப்பவர்கள் பயன்படுத்துவது. ஆந்திராவைச் சேர்ந்த ஒரு பொறியாளர் எழுதியது. அதன் அடியில் ஓடுவது ‘ஸ்விஸ் எஃபிமெரிஸ்’ என்ற கணக்கீட்டு நூலகம். அதுவும் தன் எண்களை நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் விண்கலங்களை வழிநடத்தத் தயாரித்த கோள் அட்டவணைகளிலிருந்து எடுக்கிறது. சந்திரன் சூரியனைவிட 12 பாகை முந்தினால் ஒரு திதி. 30 திதி ஒரு மாதம். விண்கலத்துக்காகப் போட்ட கணக்கு ஒரு புதுச்சேரிச் சிப்பாயின் தெவசத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த இரவு அதை நினைத்து நான் வெகுநேரம் தூங்கவில்லை.

கணக்கு ஒரே விடையைத் தரவில்லை. திதி நாளின் எந்த நேரத்திலும் மாறும். சீட்டிலோ நாள் மட்டும்தான், மணி இல்லை. பிரான்சில் காலை ஒரு திதியாகவும் மாலை மறு திதியாகவும் இருந்தது. அதோடு, வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாட்டின்படி நடப்பது, திருக்கணிதம் வானில் உள்ளபடி கணிப்பது. இரண்டுக்கும் சில மணி நேரம் வேறுபடலாம். பெரியவர் வீட்டுச் சாஸ்திரிகளைக் கேட்டோம். “நோயில இறந்தவர்தானே? மணி தெரியலைன்னா சூரிய உதயத்துல இருந்த திதியையே வச்சுக்கோங்கோ. மாசமும் பட்சமும் சரியா இருக்கு, அது போதும்” என்றார். மென்பொருள் தயங்கிய இடத்தில் மனிதர் முடிவு சொன்னார். அந்த வீட்டில் நூறாண்டுக்குப் பிறகு முதல்முறையாக ஏழுமலைக்குத் தனியாக இலை போட்டார்கள்.

கணினிக்காரர்கள் தங்களுக்குள் இறந்தவர்களை எப்படி நினைக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெளியே தெரியாத அழகு அதில் இருக்கிறது. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் 2.2 பதிப்பு 2000 ஆகஸ்டில் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு 21 வயதில் இறந்த ஜோயல் கிளெக்கர் என்ற பங்களிப்பாளருக்கு அது காணிக்கை. தசைச் சிதைவு நோயால் அவர் படுக்கையில் இருந்தபடியே வேலை செய்தவர் என்பது உடன் வேலை செய்த பலருக்கே தெரியாது. எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2015 மார்ச்சில் இறந்தபோது இன்னொன்று நடந்தது. அவருடைய ஒரு நாவலில், இறந்த தந்திக்காரரின் பெயரைக் கோபுரத்துக்குக் கோபுரம் கடத்திக்கொண்டே இருப்பார்கள். பெயர் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஆள் சாகவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. அதைப் படித்திருந்த நிரலர்கள், தங்கள் இணையத்தளங்கள் உலாவிக்கு அனுப்பும் தலைப்புத் தகவலில், கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியாகப் பிராட்செட்டின் பெயரைச் சேர்த்தார்கள். இன்றும் எத்தனையோ பக்கங்கள் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் கம்பியில் போய்க்கொண்டிருக்கிறது.

தமிழில் இதைவிட நெருக்கமான கதை ஒன்று உண்டு. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி, கணினியில் தமிழ் கட்டங்கட்டமாகத் தெரிந்த காலத்தில், பழைய விண்டோசிலும் ஒருங்குறித் தமிழைப் படிக்க வழி செய்யும் ‘தேனீ’ எழுத்துருவை ஆக்கி இலவசமாகக் கொடுத்தார். 2006 ஜூலையில் மறைந்தார். தகடூர் கோபி என்ற இன்னொரு கணினிஞர், ஓர் எழுத்துமுறையை மற்றொன்றாக மாற்றித் தரும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தவர். அவற்றில் ஒன்றுக்கு ‘உமர் பன்மொழி மாற்றி’ என்று பெயர் வைத்தார். சிலை இல்லை, தெருப்பெயர் இல்லை. ஒரு கருவிக்குப் பெயர். அதைத் திறக்கிற ஒவ்வொருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்தது. 2018 சனவரியில் கோபியும் போய்விட்டார். இந்தக் கட்டுரையை நான் ஒருங்குறியில் தட்டுகிறேன். இவர்கள் இருவரைப் போன்றவர்கள் இரவுகளைச் செலவழிக்காமல் இருந்திருந்தால் ஏழுமலையின் பெயரை எந்தத் திரையிலும் ழகரத்தோடு எழுதியிருக்க முடியாது.

இறந்தவரைப் பேசவைக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2024 சனவரியில் ஒரு நூல் வெளியீட்டில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி செயற்கை நுண்ணறிவால் திரையில் தோன்றிப் பேசினார். அதே மாதம், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ. ஆர். ரகுமான் ‘லால் சலாம்’ பாடலில் மீட்டுக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். இது முழுக்கப் புதிது என்று நான் நினைக்கவில்லை. இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துக் குடும்பத்தோடு படமெடுத்ததும், ஸ்டூடியோவில் மூடிய கண்மேல் திறந்த கண் வரைந்து மாட்டியதும் நம் வீடுகளில் நடந்ததுதான். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்ட உதவியோடு, தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி எண்ணிம வடிவில் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஓர் எல்லைக்கோடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. கண் வரைந்த ஓவியர் இறந்தவரின் வாயில் சொல்லை வைக்கவில்லை. சீட்டைத் தட்டிய பிரெஞ்சுக்காரரும் ஓர் எழுத்தைக்கூடத் தன் விருப்பத்துக்குச் சேர்க்கவில்லை. பாடகர் குரல் விஷயத்தில் கேட்டுப் பெற்ற அனுமதியாவது இருக்கிறது. இறந்தவர் சொல்லாத புதுச் சொற்களை அவர் குரலில் சொல்ல வைப்பதை என்னால் நினைவு என்று ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கல்லறையில் க்யூஆர் குறியீடு வைப்பதும் வந்துவிட்டது. திருச்சூர் குரியச்சிறையில் ஓர் இளம் மருத்துவரின் கல்லறையில் பெற்றோர் பதித்திருக்கிறார்கள். செல்பேசியைக் காட்டினால் அவருடைய படங்களும் காணொளிகளும் வரும். அந்தப் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. இணையப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பதையும், அடுத்த தலைமுறையில் அதை யார் கட்டுவார் என்பதையும் இப்படி வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் எழுதிவைத்துவிட வேண்டும். கல்லும் நிரந்தரமில்லைதான். கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ‘மேரி’ என்ற நகர்மன்றக் கட்டடம் 2014 நவம்பர் 29 மழையில் ஒரே நாளில் சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது.

சட்டத்தில் இந்த ஊருக்கு ஒரு விசித்திரம் உண்டு. பிரான்சின் 2016 எண்ணிமக் குடியரசுச் சட்டப்படி, இறந்தபின் தன் தரவுகளை என்ன செய்வது என்று ஒருவர் முன்னதாகவே அறிவுறுத்தல் எழுதிவைக்கலாம். இந்தியாவின் 2023 எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 14ஆம் பிரிவில், நியமனதாரர் ஒருவரைக் குறிக்கும் உரிமையைத் தருகிறது. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அண்ணனும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம்.

சீட்டை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார். தன் பாஸ்போர்ட்டையும் ஆதார் அட்டையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே மனிதர், ஒன்றில் ஒன்பது எழுத்து, மற்றொன்றில் ஆறு.

“நான் போனப்புறம் எந்தப் பேர்ல தம்பி என்னைத் தேடுவாங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவரே டைரியை எடுத்துவிட்டார். கடைசிப் பக்கத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒன்று, ஆதாரில் உள்ளபடி ஒன்று, கீழே தமிழில் ஒன்று. அதற்கும் கீழே அப்பா பெயர், அம்மா பெயர், தெருப்பெயர். பேனாவை மூடப் போனவர், மறுபடி திறந்து, பிறந்த நட்சத்திரத்தையும் எழுதினார்.